செல்லப்பிராணிகளுக்கு அக்குபஞ்சர்: கால்நடை டாக்டர் ஆகாமல் இந்தத் தொழிலுக்கு வர முடியுமா?

சிப்புட்_குரூமர் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். வயது 22. எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) அறிவியல் பிரிவில் முடித்தேன். அந்த வருடம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் மேலே படிக்கவில்லை. இப்போது டவுனில் ஒரு பெட் ஷாப்பில் குரூமராக இருக்கிறேன். குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது, காது சுத்தம் செய்வது, உண்ணி எடுப்பது எல்லாம் என் வேலை. கடிக்கிற நாய் வந்தால் முதலாளி தானாகவே என் பக்கம் தள்ளிவிடுவார்.

எங்கள் கடைக்கு வருகிற ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி டீச்சரிடம் ஒரு டாஷண்ட் நாய் இருக்கிறது. அதற்குத் திடீரென்று பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டது. டீச்சரால் அவ்வளவு தூரம் கார் ஓட்ட முடியாது, அதனால் நான்தான் வாராவாரம் ஈப்போவுக்குக் கொண்டுபோனேன். அங்கே டாக்டர் முதுகில் மெல்லிய ஊசிகள் குத்தி, சின்ன ஒயர்களை மாட்டி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருப்பார். இப்போது அது நடக்கிறது. இடுப்பு ஒரு பக்கம் சாயும், ஆனால் பக்கத்து வீட்டுப் பூனையைத் துரத்தும் அளவுக்குத் தேறிவிட்டது.

எனக்கு இந்த வேலைதான் வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம் பார்த்தேன்: 'மூன்று மாதத்தில் ஆன்லைனில் பெட் அக்குபஞ்சர் சான்றிதழ், முன்படிப்பு தேவையில்லை.' கட்டணம் நான் சேர்த்து வைத்திருக்கும் காசுக்குள் அடங்குகிறது. இதை எடுக்கலாமா? இதை வைத்துச் சொந்தமாக வீடு வீடாகப் போய்ச் செய்யலாமா? எங்கள் ஊர் மாதிரி தோட்டத்து ஊரில் இதற்கு ஆள் வருவார்களா?

அப்பா முன்பு பால்மரம் (ரப்பர்) சீவியவர், பிறகு செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். 'நாய்க்கு ஊசி குத்த எவன்மா காசு குடுப்பான்?' என்கிறார். அவருக்கும் ஒரு பதில் வேண்டும்.

கோப்பிக்கடை_மாமா:

நல்ல ஆசை மா, விடாதே. என்னைக் கேட்டால், மனிதர்களுக்கு அக்குபஞ்சர் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் போய்க் கற்றுக்கொள். நரம்பு எல்லாம் ஒன்றுதானே, அப்புறம் நாய்க்கும் குத்தலாம். எங்கள் காலத்தில் தோட்டத்தில் மாடு நொண்டினால் தொடையில் சூடு போடுவோம். ரெண்டு நாளில் எழுந்து நடக்கும். எந்தச் சட்டம், எந்த சர்டிபிகேட்?

ஊசிக்காரன்_கிள்ளான்:

மாமா கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் இந்த யோசனை வேண்டாம். நான் யூடார் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம் சீன மருத்துவம் படித்தவன். மனிதர்களுக்குத்தான் பார்க்கிறேன். எங்கள் தொழிலுக்கு 2016-ஆம் ஆண்டு பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் இருக்கிறது. அது மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பதற்கானது. அந்தப் பதிவை வைத்துக்கொண்டு நாயைத் தொட முடியாது.

உடம்பும் ஒன்றில்லை. நாங்கள் அடிக்கடி குத்துகிற ஒரு புள்ளி கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கிறது. நாய்க்குக் கட்டைவிரல் எங்கே? மணிக்கட்டுப் பக்கம் தொங்குகிற அந்தச் சின்ன நகம்தான், சில நாய்களுக்கு அதையும் வெட்டி எடுத்திருப்பார்கள். அதைவிட முக்கியம், என் மேசையில் படுப்பவர் 'இங்கே சுர்ரென்று இழுக்குது' என்று வாயால் சொல்வார். ஒரு வாடிக்கையாளர் தன் பூனையைக் கூடையில் போட்டுக் கொண்டுவந்து 'இதுக்கும் ரெண்டு குத்து குத்துங்க' என்றார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

லயத்து_வெட்:

தங்கச்சி, நான் கால்நடை டாக்டர். உன் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். யூபிஎம் பல்கலைக்கழகத்தில் படித்து, ஈப்போவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது நீ மோட்டாரில் வந்துவிடக்கூடிய தூரத்தில் கிளினிக் வைத்திருக்கிறேன். அக்குபஞ்சர் சான்றிதழும் உண்டு. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் அந்த விளம்பரம். காசைக் கட்டாதே. இங்கே 1974-ஆம் ஆண்டு கால்நடை மருத்துவர் சட்டம் இருக்கிறது. மலேசிய கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்து, வருடா வருடம் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்கிறவர்தான் கால்நடை மருத்துவம் பார்க்கலாம். ஊசியில் மருந்து இல்லை என்பதால் அது வைத்தியம் இல்லை என்று ஆகிவிடாது. உலகம் முழுக்க மதிக்கிற இடங்களைப் பார்: 1974-இல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேச கால்நடை அக்குபஞ்சர் சங்கம், 1998-இல் ஃபுளோரிடாவில் சீ இன்ஸ்டிடியூட் என்று தொடங்கிய இன்றைய சீ யூனிவர்சிட்டி. இரண்டிலும் அக்குபஞ்சர் சான்றிதழ்ப் படிப்பு கால்நடை டாக்டர்களுக்கும் அந்தப் படிப்பின் கடைசி வருடங்களில் இருக்கும் மாணவர்களுக்கும்தான். மூன்று மாதத்தில் யாருக்கும் கொடுக்கிற தாளை வீட்டுச் சுவரில் மாட்டலாம், வேறு எதற்கும் ஆகாது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு நாயைப் பற்றிச் சொல்கிறேன். செம்பனைத் தோட்டத்துக் காவல் நாய், பின்பக்கம் தள்ளாடுகிறது என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். 'ஈப்போவில் ஊசி குத்துறாங்களாமே, அதைப் போடுங்க' என்று கேட்டார் அதன் முதலாளி. பார்த்தால் ஈறு வெளிறிக் கிடக்கிறது. வயிற்றில் மயிர் இல்லாத இடத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள், யாரோ மெல்லிய பேனாவால் குத்தின மாதிரி. காதுக்குள் உண்ணி. இரத்தம் எடுத்துப் பார்த்தால், இரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் அடிமட்டத்தில். எர்லிக்கியா, நம் ஊர்க்காரர்கள் 'உண்ணிக் காய்ச்சல்' என்பது. அந்த நிலையில் முதுகில் ஊசி குத்தியிருந்தால் இரத்தம் நிற்பதே சந்தேகம். டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்து அனுப்பினேன், நடந்து வந்து நன்றி சொல்லாமல் என் செருப்பைக் கடித்துவிட்டுப் போனது.

கால் தள்ளாடுவது ஒன்றுதான், காரணம் பத்து இருக்கும். முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கிற வட்டு பிதுங்கியிருக்கலாம், இடுப்பெலும்பு உடைந்திருக்கலாம், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்து போனதன் மிச்சமாக இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். கட்டி இருக்கிற இடத்தில் குத்தக் கூடாது. வலிப்பு வரும் நாய்க்கு ஊசியில் மின்சாரம் மாட்டுவதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும். சினையாக இருந்தால் தொடவே கூடாத புள்ளிகள் இருக்கின்றன. ஊசி பிடிக்கிற கையை யாருக்கும் பழக்கிவிடலாம். எங்கே குத்தக் கூடாது, எப்போது குத்தவே கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் ஐந்து வருடம் படிக்கிறோம்.

சரி, இப்போது டீச்சரின் டாஷண்ட். அந்த ஜாதி நாய்க்கு முதுகுத்தண்டின் வட்டுகள் சின்ன வயதிலேயே காய்ந்து கெட்டியாகிவிடும். ஒருநாள் சோபாவிலிருந்து குதிக்கும், ஒரு வட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தும். நாங்கள் முதலில் பார்ப்பது, பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தமாக நெருக்கினால் அதற்கு வலி தெரிகிறதா என்று. காலை இழுத்துக்கொள்வது மட்டும் போதாது, திரும்பிப் பார்க்க வேண்டும், முனக வேண்டும். அந்த ஆழமான வலி உணர்வே போய்விட்டால் சீக்கிரம் அறுவை சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். அந்த நேரத்தில் ஊசி குத்திக்கொண்டு நாளைக் கடத்துவது பாவம். வலி தெரிகிற நாய்களில் பல, சில வாரம் கூண்டிலேயே அசையாமல் வைத்தால் தானாகவே தேறும். ஈப்போ டாக்டர் கூண்டில் வைக்கச் சொல்லியிருப்பார், மாத்திரையும் கொடுத்திருப்பார். ஆகவே டீச்சர் நாய் நடந்ததில் ஊசிக்கு எவ்வளவு பங்கு, கூண்டுக்கு எவ்வளவு பங்கு என்று அந்த டாக்டராலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

அக்குபஞ்சர் செய்கிறவளே இப்படிப் பேசுகிறாளே என்று நினைக்காதே. 2006-இல் விலங்கு அக்குபஞ்சர் ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து ஒரு மதிப்பாய்வு வந்தது. எந்த நோய்க்கும் இதைப் பரிந்துரைக்கவும் வலுவான சான்றில்லை, வேண்டாம் என்று தள்ளவும் சான்றில்லை என்றுதான் முடித்தார்கள். அதற்குப் பிறகு முதுகு வட்டு நோயில் மின் அக்குபஞ்சருக்குச் சாதகமான ஆய்வுகள் வந்திருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் சின்ன ஆய்வுகள். கிண்டல் செய்கிறவர்கள் ஒரு குதிரைக் கதையும் சொல்வார்கள்: குதிரைக்குப் பித்தப்பையே கிடையாது, ஆனால் அக்குபஞ்சர் படத்தில் அதற்குப் பித்தப்பைப் பாதை (புள்ளிகளை இணைக்கிற கோடு) வரைந்திருக்கும். உண்மைதான். மனிதப் படத்தை அப்படியே விலங்கின் மேல் ஒட்டியதன் விளைவு அது. நான் படித்த இடத்தில் இதைக் கேட்டபோது ஆசிரியரும் சிரித்தார்.

அப்புறம் ஏன் செய்கிறேன்? மூட்டு வலி உள்ள கிழட்டு நாய்களுக்காக. சிறுநீரகம் பலவீனமாகி, வலி மாத்திரையைத் தாராளமாகக் கொடுக்க முடியாத நிலையில் வருகிறவை. அவற்றுக்கு என் கையில் வேறு வழி குறைவு.

வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், நீ பார்த்ததைக் கிட்டத்தில் நின்று பார். நாயின் இடுப்பில் இரண்டு பக்கமும் எலும்பு முனை துருத்தி நிற்கும். இரண்டுக்கும் நடுவே முதுகுத்தண்டின் மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாகப் பின்னால் நகர்த்தினால் ஒரு பள்ளத்தில் விரல் விழும். பாய் ஹுய் என்ற புள்ளி அதுதான். நான் எப்போதும் அங்கேதான் தொடங்குவேன், பெரும்பாலான நாய்கள் அதைப் பொறுத்துக்கொள்ளும். ஊசி கால் மில்லிமீட்டர் தடிமன். போனதும் தோல் ஒருமுறை சிலிர்க்கும், நாய் திரும்பிப் பார்க்கும், 'நீயா?' என்பதுபோல. பிறகு முழங்காலுக்குக் கீழே, முதுகின் இரண்டு ஓரங்களிலும். ஐந்து நிமிடத்தில் கண்ணிமை பாதி இறங்கினால் எனக்கு நிம்மதி. மின்சாரம் மாட்டினால் தொடைத் தசை டிக் டிக்கென்று துடிக்கும், அதைப் பார்த்துச் சொந்தக்காரர்கள்தான் பயப்படுவார்கள். பூனையைக் கூடையிலிருந்து வெளியே எடுக்க மாட்டேன், மேல்மூடியை மட்டும் கழற்றிவிட்டு உள்ளேயே வைத்துக் குத்துவேன். சும்மா இருக்கவே இருக்காத நாய்க்குப் புள்ளியில் பி12 வைட்டமினைச் சாதாரண ஊசியால் போட்டுவிட்டு அனுப்பிவிடலாம்.

குத்துவதற்கு முன் ஊசிகளை எண்ண வேண்டும், எடுத்த பிறகும் எண்ண வேண்டும். நாய் உடம்பை உதறினால் ஊசி பறக்கும், பறந்ததை அது விழுங்கினால் வயிற்றைத் திறக்க வேண்டி வரும். எங்கள் கிளினிக்கில் ஒரு காந்தக் குச்சி இருக்கிறது, பட்டறைக் கடையில் வாங்கியது. எல்லாக் கருவியிலும் அதுதான் மலிவு, அது இல்லாமல் நான் தொடங்க மாட்டேன்.

அப்பா கேட்டது சரியான கேள்வி. தோட்டத்து ஊரில் அக்குபஞ்சரை மட்டும் வைத்து வயிறு கழுவ முடியாது. இதற்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும், ஒவ்வொரு முறையும் நூறு வெள்ளியை (ரிங்கிட்) தாண்டினால் இங்கே முகம் சுருங்கிவிடும். ஈப்போ, பினாங்கு, கிள்ளான் பள்ளத்தாக்கில் கொடுப்பார்கள். என் கடை ஓடுவது தடுப்பூசி, உண்ணிக் காய்ச்சல், கருத்தடை, பன்றி கிழித்த நாய்க்குத் தையல், இவற்றால். இடையில் செம்பனைக்கு நடுவே மேய்கிற மாட்டுக்கு ராத்திரியில் கன்று இழுக்கப் போவேன். அக்குபஞ்சர் மேசை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நிறையும், அதுவும் டவுன்காரர்களின் நாய்களால்.

மாமா சொன்ன சூடு பற்றியும் ஒன்று. கன்று போட்ட பசு எழ முடியாமல் கிடந்தால் பல நேரம் கால்சியம் குறைவு. கால்சியத்தை இரத்தக் குழாயில் மெதுவாக ஏற்றினால் ஏற்றி முடிப்பதற்குள் எழ முயற்சி செய்யும். குளம்பில் சீழ் கட்டியிருந்தால் அது உடைந்ததும் நொண்டல் குறையும், சூடு போட்டாலும் போடாவிட்டாலும். பெயர் வாங்கியது சூடு. இப்போது 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் வேறு இருக்கிறது மாமா, பார்த்து.

இனி உன் வழி. டாக்டராக வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்டிபிஎம் தேர்வில் உயிரியல், வேதியியல் நன்றாகச் செய்து, செர்டாங் யூபிஎம் அல்லது கிளந்தானில் உள்ள யூஎம்கே பல்கலைக்கழகம். இரண்டிலும் ஐந்து வருடம். தமிழ்நாட்டில் சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கல்லூரி இருக்கிறது, அங்கே பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை வருடம். ஆனால் எந்த வெளிநாட்டுக் கல்லூரிக்குக் காசு கட்டுவதற்கு முன்பும் நம் மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலைப் பார்த்துவிடு. ஏஜென்ட் சொல்வதைக் கேட்காதே. பட்டம் வாங்கி, இரண்டு மூன்று வருடம் சாதாரண வைத்தியம் பார்த்த பிறகு அக்குபஞ்சர். அந்தப் படிப்பு பல ஆயிரம் அமெரிக்க டாலர், பாடம், நேரடிப் பயிற்சி, பரீட்சை, பிறகு நோயாளி அறிக்கை எழுத வேண்டும்.

டாக்டர் ஆகாமலும் இந்த மேசைக்குப் பக்கத்தில் நிற்கலாம். குளுவாங்கில் கால்நடைத் துறையின் இன்ஸ்டிடியூட் வெட்டரினார் மலேசியா இருக்கிறது, டிப்ளோமா படிக்கலாம். கால் விழுந்த நாய்க்கு ஊசி வாரம் ஒருமுறை. மீதி ஆறு நாளும் காலை மடக்கி நீட்ட வேண்டும், துண்டால் இடுப்பைத் தூக்கிப் பிடித்து நடக்க வைக்க வேண்டும், புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், தானாகச் சிறுநீர் போகாத நாய்க்கு டாக்டர் காட்டிக்கொடுத்தபடி வயிற்றை அமுக்கி எடுக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்யத் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை. கடிக்கிற நாயை உன்னிடம் தள்ளுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டுத்தான் இவ்வளவு எழுதினேன்.

சந்தேகப்பேர்வழி:

டாக்டரம்மா, ஒரு கேள்வி. மனிதனுக்கு 'ஊசி போட்டாச்சு, சரியாகிடும்' என்ற நம்பிக்கையே பாதி மருந்து. நாய்க்கு அந்த நம்பிக்கை கிடையாதே. அப்படியானால் நாய் தேறினால் அது உண்மையான பலன்தானே?

லயத்து_வெட்:

நாய்க்கு நம்பிக்கை இல்லை, தூக்கிக்கொண்டு வருகிறவருக்கு இருக்கிறதே! 2012-இல் மூட்டு வலி நாய்களில் ஒரு ஆய்வு வந்தது. மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்ட நாய்களையும் 'முன்னைவிட நன்றாக நடக்கிறது' என்றார்கள் சொந்தக்காரர்கள். பரிசோதித்த டாக்டர்களும் அப்படியே ஏமாந்தார்கள். கால் தரையில் எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கும் கருவி மட்டும் மாற்றமில்லை என்றது. எனக்கு அந்தக் கருவி வாங்க வசதியில்லை. தையல்காரர் டேப்பால் தொடையின் சுற்றளவை அளப்பேன், ஒரே இடத்தில் ஒரே தரையில் நடக்க வைத்து வீடியோ எடுப்பேன். சில வாரத்தில் இரண்டிலும் மாற்றம் இல்லையென்றால், சொந்தக்காரர் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாலும் நிறுத்திவிடுவேன்.

கோப்பிக்கடை_மாமா:

சூட்டுக்கோலை எப்பவோ பழைய இரும்புக்குப் போட்டுட்டேன் தாயி. சும்மா சொன்னேன்.

சிப்புட்_குரூமர்:

எல்லோருக்கும் நன்றி. விளம்பரக்காரர்களுக்கு மெசேஜ் அனுப்பி, 'மலேசியாவில் இதை வைத்து வைத்தியம் பார்க்கலாமா, எழுத்தில் கொடுங்கள்' என்று கேட்டேன். இன்றைக்குள் கட்டினால் பாதி விலை என்று மட்டும் பதில் வந்தது. பிளாக் செய்துவிட்டேன்.

அக்கா, எஸ்பிஎம்மில் எனக்கு உயிரியல் ஏ மைனஸ், வேதியியல் பி பிளஸ், கணிதம் ஏ, இயற்பியல்தான் சி. இவ்வளவு வருடம் கழித்து எஸ்டிபிஎம் எழுதலாமா? அப்பாவிடம் ஐந்து வருடம் என்று சொன்னதும் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போது 'மாட்டுக்கும் பார்ப்பாங்களா?' என்று கேட்டார். அவர் கேட்கிற தோரணையைப் பார்த்தால் பாதி சரி என்றுதான் அர்த்தம்.

உங்கள் கிளினிக்கில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமா? சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

லயத்து_வெட்:

எழுதலாம். எஸ்டிபிஎம்மைத் தனியார் வேட்பாளராகவும் எழுத விடுகிறார்கள். ஆனால் அறிவியல் பாடங்களுக்குச் செய்முறை இருப்பதால் அதை எங்கே செய்வது என்று முதலில் விசாரித்துவிட்டுப் பதிவு செய். இயற்பியல் சி-யைப் பற்றி இப்போது கவலைப்படாதே, நீ எடுக்கப் போகும் பாடங்களில் வரும் மதிப்பெண்தான் பேசும். பல்கலைக்கழகம் ஒவ்வொரு வருடமும் தகுதி விதியை மாற்றக்கூடும், ஆகவே யூபியூ என்ற பல்கலைக்கழகச் சேர்க்கைத் தளத்தில் அந்த வருடத்து விதியைப் பார்த்துப் பாடம் தேர்ந்தெடு. நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டால் அந்த டாஷண்ட் கதையைச் சொல், ஆனால் ஊசிதான் நடக்க வைத்தது என்று மட்டும் சொல்லாதே.

சம்பளம் இல்லாமல் யாரையும் வைத்துக்கொள்வதில்லை, அந்தப் பழக்கத்தை இப்போதே விட்டுவிடு. அரைநாள் கூலி தருவேன். ஞாயிறு எட்டரைக்கு வா. நீளக் கால்சட்டை, மூடின காலணி. டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாளாச்சு என்று கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) கேட்டுவிட்டு வா. அப்பாவுக்கு மாட்டைப் பற்றிப் பேச ஆசை இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வா, அன்றைக்கு மேய்ச்சல்காரர் ஒருவர் கன்றுக்கு மருந்து வாங்க வருவார்.